ஒல்லாந்தின் எருத் தோம்பு

ஒல்லாந்தர் என்றதும் நம்மவர் நினைவில் எழுவன யாழ்ப்பாணத்துக் கோட்டையும், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையும், தோம்பு ஏடுகளுமே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய நாள் தொட்டு, 1796இல் இத்தீவின் கரையோரத்தை ஆங்கிலேயரிடம் முற்றாக இழக்கும்வரை, யாருக்கு எவ்வளவு காணி, அவன் இறுக்க வேண்டிய வரி என்ன என்று எழுதி எழுதிக் குவித்தவர்கள் அவர்கள். அதே ஒல்லாந்தர் கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தம் சொந்த நாட்டில் இன்னொரு தோம்பை எழுதி வருகின்றனர். அது மாட்டுச் சாணத்துக்கும் பன்றி மூத்திரத்துக்கும் எழுதப்படும் தோம்பு.

கேட்பவர்க்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தத் தோம்பினால் அந்நாட்டில் வீடுகட்டும் வேலைகள் நின்றன, வீதிவேலைகள் நின்றன, அரசபீடம் அமைந்த ஹேக் நகரை உழவு இயந்திரங்கள் முற்றுகையிட்டன, நேற்று முளைத்த கட்சியொன்று மாகாணத் தேர்தலில் முதலிடம் பெற்றது. எருவின் கதை நிலத்துக்கும் கால்நடைக்கும் இடையில் இருந்த உறவின் கதையாகும். அந்த உறவை அறுத்தவர் யார், அறுத்ததால் இலாபம் அடைந்தவர் யார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

ஒல்லாந்து முழுவதும் கடலிலிருந்து மீட்ட வளமான களிமண் என்று எண்ணுதல் தவறு. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள ட்ரென்தே, வேலுவே, பிராபான்ட் முதலிய பகுதிகள் சத்தற்ற மணற்பாங்கானவை. அங்கே நெடுங்காலம் எரு தங்கத்துக்கு ஒப்பான பண்டமாக இருந்தது. ஊரைச் சூழ ஹீதர் என்னும் குற்றுச்செடி மண்டிய பொதுவெளி. பகலில் செம்மறியாடுகள் அங்கே மேயும். இரவில் கொட்டிலுக்குத் திரும்பும். கொட்டிலின் தரையிலே அதே வெளியில் வெட்டிய புற்கரணைகளைப் பரப்பியிருப்பர். சாணமும் மூத்திரமும் அவற்றில் ஊறும். மேலும் மேலும் கரணை பரப்புவதால் மாதக்கணக்கில் கொட்டிலின் தளம் உயர்ந்துகொண்டே போகும். பின்பு அதை வெட்டி அள்ளிக் கறுப்புத் தானியம் விளையும் வயலுக்குக் கொண்டு சேர்ப்பர். நூற்றாண்டுகள் பலவாக இவ்வாறு இட்டதனால் சில இடங்களில் வயலின் மட்டமே ஒரு மீற்றர் வரை உயர்ந்துவிட்டது. இன்றும் மண்ணியலாளர் அங்கே தோண்டினால் மனிதர் சுமந்து சேர்த்த அக்கறுப்பு மண்ணைக் காணலாம்.

அறுவடை முடிந்த தோட்டத்தில் பட்டி அடைக்கும் வழக்கத்தை அறிந்த நம் வாசகர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆடு சத்தைப் படைப்பதில்லை. ஓரிடத்தில் உண்டு இன்னோரிடத்தில் இடுகிறது. அது ஒரு சுமைகாரன். ஆகவே வயல் கொழுத்த அளவுக்குப் பொதுவெளி மெலிந்தது. ஒரு பங்கு வயலை வளர்க்கப் பல பங்கு வெளி வேண்டியிருந்தது. அளவுக்கு மீறிக் கரணை வெட்டிய இடங்களில் மணல் பறந்து ஊர்களையே மூடிற்று. பழைய முறையைப் பொற்காலம் என்று பாடுவோருக்கு இதை நாம் நினைவூட்ட வேண்டும். ஆயினும் ஒன்று உண்மை: தன் ஊர் நிலம் தாங்கக்கூடிய ஆட்டுக்கு மேல் ஓர் ஆட்டைக்கூட அன்றைய விவசாயியால் வளர்க்க முடிந்திராது.

அந்த எல்லையை உடைத்தவை கப்பலும் இரயிலுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுப் பெரு நாட்டின் பறவையெச்சம், சிலி நாட்டு வெடியுப்பு, பின்னர் உருக்காலைக் கசடிலிருந்து அரைத்த பொசுபரசு மா ஆகியன வந்தன. பொதுவெளியின் கரணை தேவையற்றதாயிற்று. 1886இல் எழுந்த சட்டம் எஞ்சியிருந்த பொதுநிலங்களைப் பங்கிட்டுத் தனியார் உடைமையாக்குவதை எளிதாக்கிற்று. அதே வேளையில், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் மலிந்த தானியம் ஐரோப்பியச் சந்தையை வெள்ளம்போல் நிறைத்தது. ஜேர்மனியும் பிரான்சும் சுங்கவரி எழுப்பித் தம் தானியத்தைக் காத்துக்கொண்டன. வணிகத்தால் வாழ்ந்த ஒல்லாந்து கதவைத் திறந்தே வைத்தது. மணல் நிலத்துச் சிறு விவசாயி என்ன செய்வான்? தானியத்தை விளைவிப்பதைக் குறைத்து, வந்திறங்கிய தானியத்தைப் பன்றிக்கும் கோழிக்கும் ஊட்டினான். இறைச்சியும் முட்டையும் வெண்ணெயும் விற்றான். கால்நடை ஓர் ஊரிலும் அதன் தீன் விளையும் நிலம் வேறொரு கண்டத்திலுமாகப் பிரிந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

இப்பிரிவின் விளைவை முன்கூட்டியே கண்டவர் ஜேர்மன் இரசாயன அறிஞர் லீபிக் ஆவார். 1862இல் வெளிவந்த தமது நூலின் ஏழாம் பதிப்பில், நிலத்திலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடாத வேளாண்மை கொள்ளையே என்று அவர் சாடினார். அவரை ஊன்றிப் படித்த கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான மூலதனத்தின் முதற்பாகத்தில் அவ்வாதத்தை மேலும் எடுத்துச் சென்றார். முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் சூறையாடும் கலையின் முன்னேற்றம் என்று காட்டினார். அவ்விருவரும் முதன்மையாகக் கண்டது மண் வறண்டுபோகும் முனை. கொள்ளைப் பொருள் வந்து குவியும் மறுமுனை எப்படியிருக்கும் என்பதை இருபதாம் நூற்றாண்டு ஒல்லாந்து காட்டிற்று.

1944–45 மாரியில் நாஜிப் படையின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்கு நகரங்களில் ஏறத்தாழ 20,000 பேர் பட்டினியாலும் குளிராலும் மாண்டனர். மக்கள் ரியூலிப் கிழங்கைத் தின்றனர். அந்தப் பட்டினி மீண்டும் வராது என்ற சபதத்துடன் 1945இல் விவசாய அமைச்சரானவர் சிக்கோ மான்ஸ்ஹோல்ட். சோஷலிசக் கட்சியைச் சேர்ந்தவர், தாமே ஒரு விவசாயி. 1958 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் ஆணையாளராக இருந்து பொது விவசாயக் கொள்கையை வகுத்தவரும் அவரே. பண்ணை பெரிதாக வேண்டும், இயந்திரம் பெருக வேண்டும், விலைக்கு அரசு உத்தரவாதம் தரவேண்டும் என்பன அவரது திட்டங்கள். அவருடைய நோக்கத்தை நாம் பழிக்க வரவில்லை. பசியை அறிந்த தலைமுறை அது. அவரே 1972இல் கட்டற்ற வளர்ச்சியை எதிர்த்துக் குரலெழுப்பினார். ஆனால் அவர் ஓடவிட்ட வண்டி அதற்குள் அவர் கைக்கு எட்டாத தூரம் போய்விட்டது.

அக்கொள்கையில் ஓர் ஓட்டை இருந்தது. ஐரோப்பிய எல்லையில் தானியத்துக்குக் கடும் வரி. சோயாவுக்கும் மரவள்ளிக்கும் வரியில்லை, அல்லது மிகச் சொற்ப வரி. தீன் வியாபாரிகள் அந்த ஓட்டையைக் கப்பல் நுழையும் அளவுக்குப் பெருக்கினர். அமெரிக்காவிலும், பின்னர் பிரேசிலிலும் ஆர்ஜென்டினாவிலும் விளைந்த சோயாவும், தாய்லாந்தின் உலர்த்திய மரவள்ளியும் றொட்டர்டாம் துறைமுகத்தில் மலைமலையாய் இறங்கின. எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தில் நம் நாட்டு ஏழைகள் சோற்றுக்குப் பதிலாக உண்ட அதே மரவள்ளியை அன்று ஒல்லாந்தின் பன்றிகள் உண்டன என்பதை இடையே குறித்துச் செல்கிறோம்.

துறைமுகத்துக்கு அருகே காணி வேண்டியதில்லை. கொட்டில் இருந்தால் போதும். 1950இல் 20 இலட்சத்துக்கும் குறைவாயிருந்த பன்றிகள் 1980இல் ஏறத்தாழ 1 கோடி. 1997இல் 1½ கோடி. அன்று அந்நாட்டின் குடித்தொகையும் கிட்டத்தட்ட அதுவே. இறைச்சி ஏற்றுமதியாயிற்று, இலாபம் வங்கிக்கும் தீன் ஆலைக்கும் போயிற்று. எரு மட்டும் ஊரில் தங்கிற்று.

அந்த எருவும் பழைய எருவாக இருக்கவில்லை. வைக்கோல் பரப்பிக் கூட்டியள்ள ஆள் வேண்டும், கூலி வேண்டும். அதனைத் தவிர்க்க, இடைவெளி விட்ட கொங்கிறீட் தளத்தின் மேல் விலங்குகளை நிறுத்தினர். சாணமும் மூத்திரமும் ஒன்றாகக் கீழேயுள்ள குழிக்குள் விழுந்து கூழாயின. இங்கே சற்று இரசாயனம் பேச வேண்டும். மூத்திரத்தில் உள்ள யூரியாவும் சாணத்தில் உள்ள ஒரு நொதியமும் கலந்ததும், யூரியா உடைந்து அமோனியா வாயுவாகக் கிளம்புகிறது. காற்றுப்புகாத குழியிலே நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைத் தேக்குவது. கூழை நிலத்தில் ஊற்றினால், பயிர் எடுத்தது போக மிஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகி நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக மேலெழுகிறது, அது மெதேனிலும் பத்து மடங்கு வல்லது. பொசுபரசு பறப்பதில்லை. மணலைப் பற்றிக்கொண்டு சேர்ந்துகொண்டே போய், மணல் நிறைந்தபின் வாய்க்காலுக்குக் கசிகிறது. ஒரு வழியை அடைத்தால் மறுவழியால் வெளியேறுவது எருவின் இயல்பு.

எழுபதுகளில் விவசாயிகள் சோளம் பயிரிட்டனர். அளவுக்கு மீறிய எருவையும் சோளம் பொறுத்துக்கொள்ளும் என்பதே காரணம். சோளக்காடு பெயருக்குத்தான் தோட்டம். உண்மையில் எருவைக் கொட்டும் மேடு.

1982இல் ஒல்லாந்து மண்ணியலாளர் ஃபான் பிரேமனும் துணைவரும் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு அந்நாட்டைத் திடுக்கிட வைத்தது. காடுகளைக் கெடுக்கும் அமிலத்துக்குத் தொழிற்சாலைப் புகையையே எல்லோரும் குற்றஞ்சாட்டியிருந்தனர். கொட்டிலிலிருந்து எழும் அமோனியா மரங்களின் இலைகளில் படிந்து மண்ணை அமிலமாக்குவதை அவர்கள் காட்டினர். அமிலம் மண்ணின் கல்சியத்தைக் கரைத்துச் சென்றது. கல்சியமின்றி நத்தைகள் அருகின. நத்தையோட்டை உண்டு முட்டைக்கு ஓடு தேடும் சிறு குருவிகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. இது கற்பனையன்று, தொண்ணூறுகளில் வேலுவேக் காட்டில் அளந்து கண்ட உண்மை.

இதில் சரித்திரத்தின் ஏளனம் ஒன்று அடங்கியிருக்கிறது. முன்னாளில் வயலுக்குச் சத்தூட்டத் தன்னை மெலிவித்துக் கொண்ட அதே ஹீதர் வெளி, எஞ்சிய சிறு துண்டுகளில், இப்போது காற்றில் வரும் நைதரசனால் மூச்சுத் திணறுகிறது. சத்துக் குறைந்த மண்ணிலேயே வாழப் பழகிய ஹீதரை, சத்தை உண்டு கொழுத்த புல் மூடி அழிக்கிறது. பசியால் உருவான நிலம் மிதமிஞ்சிய தீனியால் சாகிறது.

இனி அரசாங்கத்தின் தோம்புக்கு வருவோம். 1984 ஏப்பிரலில் ஐரோப்பியச் சமூகம் பாலுக்குப் பங்களவு விதித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒல்லாந்து புதிய பன்றி, கோழிப் பண்ணைகளைத் தடைசெய்தது. ஆயினும் விதிவிலக்குகள் வழியாகக் கொட்டில்கள் பெருத்தன. சட்டம் வந்த பின்னரும் சில ஆண்டுகள் பன்றித் தொகை ஏறிற்று. 1987 முதல் ஒவ்வொரு பண்ணையும் எருக்கணக்கு எழுத வேண்டியதாயிற்று. ஹெக்டயர் ஒன்றுக்கு 125 கிலோ பொசுபேற்று என்ற அளவுகோல் வந்தது. ஹெக்டயர் என்பது நம் தோட்டக்காணிக் கணக்கில் ஏறத்தாழ 40 பரப்பு. மிஞ்சிய எருவைத் தெற்கிலிருந்து வடக்கின் தானிய வயல்களுக்குப் பவுசர்கள் காவின.

தொண்ணூறுகளில் எருக்கூழை வீசித் தெளிப்பது தடுக்கப்பட்டது. மண்ணைக் கீறி உள்ளே செலுத்தல் வேண்டும். தாங்கிகளுக்கு மூடி, கொட்டிலின் காற்றுக்கு அமிலக் குளிப்பு எனப் பல வந்தன. இவற்றைக் குறைத்துப் பேசுதல் நேர்மையாகாது: 1990க்குப் பின் அந்நாட்டின் அமோனியா வெளியேற்றம் அரைவாசிக்கும் கீழாக இறங்கியது. ஆனால் மண்ணுக்குள் போன நைதரசன் மறைந்துவிடவில்லை. நைத்திரேற்றாகவும் நைதரசு ஒட்சைட்டாகவும் போகும் பங்கு கூடியது. அன்றியும் கீறும் இயந்திரமும் புதுக் கொட்டிலும் வாங்கப் பணம் யாரிடம் இருந்தது? பெரியவனிடம் இருந்தது, சிறியவன் வங்கியிடம் போனான், அல்லது பண்ணையை மூடினான்.

1991இல் ஐரோப்பிய நைத்திரேற்றுக் கட்டளை பிறந்தது: ஹெக்டயருக்குக் கால்நடை எரு வழியாக 170 கிலோ நைதரசனுக்கு மேல் இடலாகாது, நீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறலாகாது. (நம் வடபகுதிச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன, அது தனியே எழுதவேண்டிய துயரம்.) ஒல்லாந்து தனக்கென வேறொரு வழியை வகுத்தது. 1998 முதல் பண்ணையின் வாயிலால் உட்சென்ற நைதரசன், பொசுபரசு எவ்வளவு, பாலாகவும் இறைச்சியாகவும் வெளிச்சென்றது எவ்வளவு என்று கழித்து, மிச்சத்துக்கு வரி விதித்தது. எங்கள் கருத்தில் இதுவே இத்தோம்புகளுள் அறிவார்ந்தது. வாங்கிய தீனையும் அது கணக்கில் கொண்டு வந்ததல்லவா? ஆனால் இடும் எருவுக்கு நேரடியாக எல்லை வகுக்கவில்லை என்று 2003 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 2006இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் புல்தரை மிகுந்த பண்ணைகளுக்கு 250 கிலோ வரை இடலாம் என்ற சலுகையை ஒல்லாந்து கெஞ்சிப் பெற்றுக்கொண்டது.

தோம்பு இருந்தால் கள்ளத் தோம்பும் இருக்கும். 2017இல் ஒரு பத்திரிகை நடத்திய விசாரணை, எருவைக் காவும் நிறுவனங்கள் பல தாளிலே ஓரிடத்துக்கும் நிலத்திலே வேறோரிடத்துக்கும் கொண்டுபோனதை வெளிப்படுத்திற்று.

2015இல் பாற் பங்களவு ஒழிந்தது. மாடுகள் பெருகின, வங்கிகள் கடன் கொடுத்தன, அவ்வாண்டிலேயே தேசிய பொசுபேற்று உச்சவரம்பு மீறப்பட்டது. 2017இல் மாடுகளைக் குறைக்குமாறு ஆணை வந்தது. பெருக்கு என்றும் குறை என்றும் இரண்டே ஆண்டுகளுக்குள் சொல்லப்பட்ட விவசாயியின் நிலையை வாசகர் எண்ணிப் பார்க்கட்டும். அதே 2015இல் அரசு வகுத்த நைதரசன் திட்டம் இன்னும் விசித்திரமானது. எதிர்காலத்தில் அமோனியா குறையும் என்று எதிர்பார்த்து, குறையாத முன்னரே அந்தக் குறைவைப் பங்கிட்டுப் புதிய கொட்டில்களுக்கும் வீதிகளுக்கும் அனுமதி வழங்கிற்று. வராத விளைச்சலை ஈடுவைத்துக் கடன் வாங்குவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. 2019 மே 29ஆம் நாள் அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம் இது செல்லாது என்றது. ஆயிரக்கணக்கான வேலைகள் ஒரே நாளில் அந்தரத்தில் நின்றன.

கால்நடைத் தொகையைப் பாதியாக்க வேண்டும் என்று ஆளுங்கூட்டணி உறுப்பினர் ஒருவர் பேச, 2019 ஒக்டோபர் முதலாம் நாள் விவசாயிகள் உழவு இயந்திரங்களோடு ஹேக்கில் திரண்டனர். 2022இல் எந்தப் பகுதியில் எத்தனை வீதம் குறைக்க வேண்டும் என்ற வரைபடம் வந்தபோது கிளர்ச்சி மீண்டும் மூண்டது. 2023 மார்ச்சில் விவசாயிகளின் பெயரால் எழுந்த புதுக்கட்சி மாகாணத் தேர்தலில் முதலிடம் பெற்றது.

இக்கிளர்ச்சியை எவ்வாறு மதிப்பிடுவது? முற்போக்காளர் சிலர் இதை வலதுசாரிகளின் கூத்து என்று ஒதுக்கினர். தீன் கம்பனிகளின் ஆதரவும் தீவிர வலதுசாரிகளின் கொடியும் அங்கே இருந்தன என்பது மெய்யே. ஆனால் 1950இல் 4 இலட்சத்துக்கு மேலிருந்த பண்ணைகள் இன்று சுமார் 50,000 ஆகச் சுருங்கியிருக்கின்றன என்பதும் மெய்யே. எஞ்சியவன் கழுத்தளவு கடனில் நிற்கிறான். பெருக்கச் சொன்னவர்கள், கடன் கொடுத்தவர்கள், தீன் விற்றவர்கள், பாலை மலிவாய் வாங்கியவர்கள் எவர்மீதும் இந்தத் தோம்பு ஒரு கிலோ நைதரசனையும் பதிவதில்லை. எழுதப்படுவது பண்ணையின் வாயிலில் நிற்பவன் பெயரில் மட்டுமே. அவனுடைய கோபத்தை அவனைச் சுரண்டியவர்களே தம் கேடயமாக்கிக் கொண்டது, இடதுசாரிகள் அவனிடம் போகத் தவறியதன் பலன் என்போம்.

இதற்கு நேர்மாறான கதையை 2021இல் நாம் கண்டோம். அவ்வாண்டு மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே ஆணையால் நிறுத்திற்று, நவம்பரில் பின்வாங்கிற்று. இடையில் நெல்லும் தேயிலையும் வாடின. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன் உண்டு. ஈரச் சாணத்தில் அது நூற்றுக்கு அரைப் பங்கு அளவே. ஆகவே அந்தவொரு மூடைக் கணக்கை ஈடுசெய்ய ஏறத்தாழ 9 தொன் சாணம் வேண்டும். அத்தனை மாடு எங்கே, அதை அள்ளிச் சுமக்கும் வண்டி எங்கே என்று எந்த அமைச்சும் கேட்கவில்லை. அங்கே எரு மிகுந்து நஞ்சாயிற்று. இங்கே இல்லாத எருவை ஆணையால் வரவழைக்க முயன்றனர். இரு நாட்டிலும் கணக்கு மேலிருந்து எழுதப்பட்டது.

250 கிலோச் சலுகையைப் படிப்படியாக நீக்க 2022இல் ஐரோப்பிய ஆணைக்குழு முடிவு செய்தது. 2025 இறுதியோடு அது முற்றாக முடிந்தது. அவ்வாண்டு ஜனவரியில் ஹேக் நீதிமன்றம், 2030க்குள் நைதரசன் படிவைக் குறைக்கும் கடமையை அரசு நிறைவேற்றியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. விவசாயிகளுக்கு ஈடு கொடுக்கவென ஒதுக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 2,400 கோடி ஈரோ நிதியை 2024இல் பதவியேற்ற அரசு அதற்கு முன்னரே நீக்கிவிட்டிருந்தது. எனவே பாற்பண்ணையாளன் தன் மாட்டின் எருவில் 170 கிலோவுக்கு மேற்பட்டதைத் தொன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அகற்ற வேண்டியவனாகிறான். புல்லுக்கோ அதைவிட நைதரசன் வேண்டும். அதை நிலவாயுவிலிருந்து செய்த பசளையாக அவன் விலைக்கு வாங்குகிறான். எருவை ஏற்றிய பவுசர் வெளியேறும் அதே வாயிலால், பசளை ஏற்றிய லொறியும், றொட்டர்டாமிலிருந்து சோயாத் தீன் ஏற்றிய லொறியும் உள்ளே வருகின்றன.